பெயர் ஒன்றா, இரண்டா?



நான் இப்போது ‘லண்டன்’ என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அதை எழுதும்போது முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற பாடம். என் வாயிலிருந்து வந்த சொல்லில் அந்தப் பெரிய எழுத்து உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமையைக் கண் அறியும்; காது அறியாது. வானொலியில் பேசுகிறவனுக்கு இது ஒரு தொல்லையும் தருவதில்லை. கணினிக்கோ இது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக முடிவு காணாத ஒரு வழக்காக இருந்து வருகிறது. அந்த வழக்கில் வாதி யார், பிரதிவாதி யார், தீர்ப்பு ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பவற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர். தம் குடும்பத்துப் பெண்கள் பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்து, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்கிய ஒரு பழைய கணினியில் சேர்த்து வைத்திருந்தார். கோப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதுவது அவர் வழக்கம். பாட்டி பாடியதற்குத் ‘தாலாட்டு’ என்று முதலெழுத்தைப் பெரிதாக்கிப் பெயரிட்டிருந்தார். பின்னர் ஒரு நாள் அவருடைய தாயார் பாடினார். அதற்கும் அதே பெயரை, எல்லாம் சிறிய எழுத்தாக, இட்டுவிட்டார். லினக்ஸ் மறுப்புச் சொல்லவில்லை. அதன் கணக்கில் அவை இரண்டு பெயர்கள். இரண்டு கோப்புகளும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அந்தக் கணினியைத் துடைத்துப் புதிதாக்க வேண்டி வந்தபோது, கோப்புகளையெல்லாம் விண்டோஸ் இயங்கும் என் கணினிக்கு மாற்றித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். நடுவில் என் கணினி ஒரு கேள்வி கேட்டது: “இப்பெயரில் ஒரு கோப்பு முன்பே இருக்கிறது, அதன்மேல் இதை எழுதலாமா?” முன்பு எடுத்த பழைய படி ஏதோ ஒன்று கிடக்கிறது போலும் என்று எண்ணி, “எழுதலாம்” என்று விடை அளித்தேன். பழைய கணினியும் துடைக்கப்பட்டது. சில நாள் கழித்து நண்பர் பாட்டியின் பாட்டைக் கேட்க விரும்பித் திறந்தார். பெயர் பாட்டியின் கோப்புக்கு உரியது. முதலெழுத்துப் பெரிதாகவே இருந்தது. உள்ளே ஒலித்ததோ தாயாரின் குரல். பாட்டி அதற்கு முன்னரே காலமாகியிருந்தார்.

பிழை என்னுடையது, ஐயமில்லை. ஆயினும், இரண்டு கணினிகளும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டன. இரண்டுக்கும் இடையில் ஒரு குரல் மறைந்துவிட்டது. இது எப்படி நேர்கிறது என்று விளங்கிக்கொள்ள, கணினி ஒரு பெயரை எவ்வாறு படிக்கிறது என்பதை அறியவேண்டும்.

கணினி எழுத்தை அறியாது; எண்ணைத்தான் அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று மனிதர் கூடி வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வாறு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீடு 1963ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்த முதற் பதிப்பில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கு மட்டுமே எண்கள் இருந்தன. சிறிய எழுத்துகள் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம் பெற்றன. பெரிய ‘ஏ’ 65. சிறிய ‘ஏ’ 97. பெரிய ‘பி’ 66. சிறிய ‘பி’ 98. எந்த எழுத்தை எடுத்தாலும் இரண்டுக்கும் இடையே 32 என்னும் ஒரே வேறுபாடு. கணினியின் இருமக் கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் பெரியது சிறியதாகும், சிறியது பெரியதாகும். இந்த எளிமையில்தான் பின்னால் வந்த சிக்கலின் வித்து இருந்தது.

இரு வகை எழுத்துகளும் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். உரோமானியர் கல்லில் வெட்டியவை பெரிய எழுத்துகள். ஏட்டில் விரைந்து எழுதிய கைகளில் அவற்றின் மூலைகள் தேய்ந்து, காலப்போக்கில் சிறிய வடிவங்கள் தோன்றின. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் மன்னர் ஆட்சிக் காலத்தில், தெளிவான சிறிய எழுத்து முறை ஒன்று ஐரோப்பாவில் பரவிற்று. அச்சுக்கலை வந்தபின், அச்சுக் கோப்பவர் முன் இரண்டு மரப்பெட்டிகள் வைக்கப்பட்டன. மேற்பெட்டியில் பெரிய எழுத்துகள், கீழ்ப்பெட்டியில் சிறிய எழுத்துகள். ஆங்கிலேயர் இன்றும் அவற்றை ‘மேற்பெட்டி எழுத்து’, ‘கீழ்ப்பெட்டி எழுத்து’ என்றே குறிப்பிடுகிறார்கள். படிப்பவனுக்குச் சொல் ஒன்றே, பெட்டிதான் வேறு. கணினிக்கு, பெட்டி வேறானால் எண் வேறு. எண் வேறானால் பொருளும் வேறு.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு தட்டில் உள்ள கோப்புகளின் பெயர்களையெல்லாம் அட்டவணையாக வைத்துக்கொண்டு, கேட்ட பெயரைத் தேடி எடுத்துத் தரும் பகுதிக்குக் கோப்பு முறைமை என்று பெயர். அதனிடம் ஒரு பெயரைக் கொடுத்தால், அட்டவணையில் உள்ள பெயரும் நாம் கொடுத்த பெயரும் ஒன்றுதானா என்று அது முடிவு செய்யவேண்டும். இதற்கு இரண்டு மரபுகள் உண்டு.

முதல் மரபு யூனிக்ஸ் மரபு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸைத் தொடங்கினர். அவர்கள் கொண்ட கொள்கை மிகச் சுருக்கமானது: பெயர் என்பது எண்களின் வரிசை. வரிசை ஒன்றானால் பெயர் ஒன்று. ஓர் எண் மாறினாலும் பெயர் வேறு. எழுத்து எது, மொழி எது என்று கோப்பு முறைமை கேட்பதே இல்லை. பிற்காலத்தில் வந்த லினக்ஸும் இம்மரபையே தழுவிற்று.

இரண்டாம் மரபு சிறு கணினிகளின் மரபு. 1981ஆம் ஆண்டில் வந்த எம்எஸ்-டாஸ், நீங்கள் சிறிய எழுத்தில் தட்டினாலும் பெயரைப் பெரிய எழுத்தாக மாற்றியே அட்டவணையில் எழுதிக்கொண்டது. பெயருக்கு எட்டு எழுத்து, வகையைக் குறிக்க மூன்று எழுத்து, அவ்வளவே. 1984ஆம் ஆண்டில் வந்த மெக்கின்டாஷ் நடுவழி ஒன்றைக் கண்டது. நீங்கள் எழுதிய வடிவத்தை அப்படியே காத்து வைக்கும்; தேடும்போது மட்டும் பெரியது சிறியது பாராது. விண்டோஸும் 1993ஆம் ஆண்டின் என்டி பதிப்பிலும், 1995ஆம் ஆண்டின் நீண்ட பெயர்களிலும் இவ்வழியையே பின்பற்றிற்று. என் நண்பருடைய பாட்டியின் பெயர் வடிவம் மாறாமல் இருக்க, உள்ளடக்கம் மட்டும் மாறிப்போனது இந்த நடுவழியால்தான். முன்பு எழுதிய வடிவத்தை முறைமை காத்தது. பின்பு வந்த பெயரையும் அதே பெயராகக் கருதிப் புதிய பொருளை அதனுள் இட்டது.

எந்த மரபு சரி? இரு சாராருக்கும் நியாயம் உண்டு. ‘கடிதம்’ என்று ஒருவர் எழுதி வைத்ததை, இன்னொருவர் முதலெழுத்தைச் சிறிதாக்கித் தேடினால், “அப்படி ஒன்றும் இல்லை” என்று கைவிரிப்பது முறையா? மனிதர் பெயரை ஒலியாகவும் பொருளாகவும் நினைவில் வைக்கிறார்கள், எண்களாக வைப்பதில்லை. ஆகவே கருவி மனிதனுக்கு இணங்கவேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். மறு சாராரோ, “மனிதனுக்கு இணங்குவது நல்லதுதான், எந்த மனிதனுக்கு என்று சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானது.

துருக்கியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1928ஆம் ஆண்டில் அவர்கள் இலத்தீன் எழுத்தை ஏற்றபோது, ‘ஐ’ என்று ஆங்கிலேயர் அழைக்கும் எழுத்தை இரண்டாக்கிக்கொண்டார்கள். ஒன்றுக்குத் தலையில் புள்ளி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. புள்ளி உள்ளது பெரிதானாலும் புள்ளியோடு இருக்கும். புள்ளி இல்லாதது சிறிதானாலும் புள்ளியின்றி இருக்கும். ஆங்கிலத்திலோ புள்ளியுள்ள சிறிய எழுத்துக்குப் புள்ளியில்லாத பெரிய எழுத்தே இணை. கணினி ஆங்கிலேயர் விதியைக் கொண்டால் துருக்கியர்க்குப் பிழை. துருக்கியர் விதியைக் கொண்டால் ஆங்கிலேயர்க்குப் பிழை. பயன்படுத்துவோரின் மொழிக்கேற்ப விதியை மாற்றினால், ஒரே தட்டு இஸ்தான்புல்லில் ஒரு விதமாகவும் இலண்டனில் வேறு விதமாகவும் திறக்கும். ஆதலால் இத்தகைய முறைமைகள் பொது விதி ஒன்றையே கொள்கின்றன, துருக்கியர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஜெர்மானியர்க்கு இரட்டை ‘எஸ்’ ஒலியைத் தரும் தனி எழுத்து ஒன்று உண்டு. நெடுங்காலமாக அதற்குப் பெரிய வடிவம் இல்லை; பெரிதாக்கும்போது இரண்டு ‘எஸ்’ எழுத்துகளாக எழுதினர். 2017ஆம் ஆண்டில்தான் அதற்கு ஒரு பெரிய வடிவம் முறைப்படி ஏற்கப்பட்டது. ஓரெழுத்து இரண்டெழுத்தாக மாறினால் பெயரின் நீளமே மாறுகிறது. கிரேக்கர்க்கு வேறொரு சிக்கல். அவர்களுடைய ‘சிக்மா’ எழுத்துக்குச் சிறிய வடிவம் இரண்டு. சொல்லின் ஈற்றில் ஒன்று, மற்ற இடங்களில் மற்றொன்று. பெரிய வடிவமோ ஒன்றே. இரண்டு பெயர்களையும் பெரிதாக்கி ஒப்பிட்டால் அவை ஒன்றாகும். சிறிதாக்கி ஒப்பிட்டால் வேறாகும். எந்தப் பக்கம் மாற்றுவது என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆக, ‘பெரியது சிறியது பாராமை’ என்று நாம் எளிதாகச் சொல்வதைக் கணினி செய்யவேண்டுமானால், எந்த எழுத்துக்கு எது இணை என்னும் அட்டவணை ஒன்று அதற்கு வேண்டும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறியில் புதிய எழுத்துகள் சேர்ந்துகொண்டே வருகின்றன, அட்டவணையும் வளர்கிறது. நேற்று வேறாக இருந்த இரு பெயர்கள் இன்று ஒன்றாகிவிட்டால், தட்டில் முன்பே உள்ள இரு கோப்புகளில் எதைத் திறப்பது? இந்த ஆபத்தை உணர்ந்தே, விண்டோஸ் என்டியின் கோப்பு முறைமையை அமைத்தவர்கள் ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்தார்கள். தட்டை முதன்முதலில் ஆயத்தம் செய்யும்போதே, 65,536 இடங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை அந்தத் தட்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அத்தட்டு எந்தக் கணினிக்குப் போனாலும் தன் விதியைத் தன்னோடு கொண்டுபோகிறது. விதி மாறாதிருப்பது, விதி நிறைவாக இருப்பதைக் காட்டிலும் முக்கியம் என்று அவர்கள் கண்டார்கள்.

ஆயினும் ஒரு தட்டின் விதி அடுத்த தட்டைக் கட்டுப்படுத்தாது. விண்டோஸ் அட்டவணை ஓரெழுத்துக்கு ஓரெழுத்து என்னும் கணக்கு; ஆகவே ஜெர்மானிய எழுத்து அதில் இரட்டை ‘எஸ்’ ஆகாது. லினக்ஸின் ‘எக்ஸ்ட்4’ முறைமையில் 2019ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டிலோ அவை இரண்டும் சமம். பெரியது சிறியது பாராத இரண்டு முறைமைகள்கூடத் தம்முள் உடன்படுவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

உடன்பாடின்மை வெறும் தொல்லையோடு நிற்பதில்லை; திருடனுக்கு வழியும் திறந்துவிடுகிறது. நிரல் எழுதுவோர் தம் வேலையின் ஒவ்வொரு மாற்றத்தையும் காத்து வைக்க ‘கிட்’ என்னும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அக்கருவி தன் சொந்தக் குறிப்புகளை, புள்ளியில் தொடங்கித் தன் பெயரையே சிறிய எழுத்தில் தாங்கிய ஓர் உறையில் வைத்துக்கொள்கிறது. எந்தெந்த ஆணைகளை இயக்கலாம் என்னும் அமைப்புகளும் அவ்வுறையில் உண்டு. ஆகவே வெளியாரிடமிருந்து வரும் தொகுப்பில் அப்பெயருடைய உறை இருந்தால் கருவி அதை ஏற்காது. வாயிற்காப்போன் விழிப்பாகத்தான் இருந்தான். ஆனால் வஞ்சகன் அதே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினால்? கருவி எண்களை ஒப்பிட்டு, “இது வேறு பெயர்” என்று உள்ளே விடும். விண்டோஸ், மெக்கின்டாஷ் கணினிகளின் கோப்பு முறைமையோ, “இது அதே பெயர்” என்று கருதி, கருவியின் சொந்த உறைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கும். வஞ்சகனின் ஆணைகள் வீட்டுக்காரனின் ஆணைகளாக இயங்கும். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இக்குறை வெளிப்பட்டது. உடனே திருத்தப் பதிப்பும் வெளியாயிற்று. வெளிவாயிலில் நின்றவனிடம் ஒரு விதி, உள்வாயிலில் நின்றவனிடம் இன்னொரு விதி. இரண்டுக்கும் இடையே இருந்த சந்தில்தான் திருடன் நுழைய முடிந்தது.

லினக்ஸின் சொந்த மூலநிரலிலேயே இந்த முரண் காணக் கிடைக்கிறது. வலைப்பின்னலில் வரும் தகவல் பொட்டலங்களை வடிகட்டும் பகுதியில், பொட்டலத்தின் இயல்பைச் சோதிக்கும் கோப்புக்குச் சிறிய எழுத்திலும், பொட்டலத்தின்மேல் ஒரு செயலைச் செய்யும் கோப்புக்குப் பெரிய எழுத்திலும் ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு அது பொருள் பொதிந்த வேற்றுமை. அத்தொகுப்பை விண்டோஸ் தட்டிலோ மெக்கின்டாஷ் தட்டிலோ வழக்கமான முறையில் இறக்கினால், இரண்டில் ஒன்றுக்கு இடம் இருப்பதில்லை.

இந்நாளில் இரு சாராரும் ஓரடி நெருங்கி வந்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் விண்டோஸ் 10, குறிப்பிட்ட ஓர் உறையில் மட்டும் பெரியது சிறியது வேறு என்று கொள்ளும் வசதியைத் தந்தது. மறு ஆண்டில் லினக்ஸ், குறிப்பிட்ட ஓர் உறையில் மட்டும் அவை ஒன்று என்று கொள்ளும் வசதியைத் தந்தது. விதியை உறைக்கு உறை அறிவித்து வைப்பது நல்லதே. ஆனால் ஒரே தட்டில் இரு விதிகள் வாழ்கின்றன என்பதையும் இனி நாம் நினைவில் வைக்கவேண்டும்.

“தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை, நமக்கு இந்தக் கவலை ஏன்?” என்று நேயர்களுள் சிலர் நினைக்கலாம். தமிழில் ‘கொடி’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். ‘கொ’ என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறிக்கு ஒருங்குறியில் தனியாக ஓர் எண் உண்டு. முன்னே நிற்கும் ஒற்றைக் கொம்பு, பின்னே நிற்கும் கால் என்று இரண்டு எண்களாகவும் அதை எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சமம் என்று ஒருங்குறியே கூறுகிறது. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் முறைமையில் அவை இரண்டு கோப்புகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்தையாவது கண் பிரித்தறியும். இந்த வேற்றுமையைக் கண்ணும் அறியாது, காதும் அறியாது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? ஆங்கில எழுத்துகளில் பெயரிடுவோர் சிறிய எழுத்துகளை மட்டுமே கையாளும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். எழுத்தின் அளவால் மட்டும் வேறுபடும் இரு பெயர்களை ஒருபோதும் இடலாகாது. இணையத்தளம் அமைப்போர், படத்தின் கோப்புப் பெயர் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே பக்கத்திலும் எழுதவேண்டும். சொந்த விண்டோஸ் கணினியில் நன்றாகத் தெரிந்த படம், லினக்ஸ் வழங்கியில் ஏற்றியவுடன் காணாமற்போவதற்கு இதுவே பல வேளைகளில் காரணம். ஒரு கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்குக் கோப்புகளை மாற்றும்போது, முதலில் இரு பக்கத்து எண்ணிக்கையையும் சரிபாருங்கள். “மேலே எழுதலாமா?” என்ற கேள்வி வந்தால், அளவையும் நாளையும் பார்த்த பின்னரே விடை கூறுங்கள். மூலத்தை அழிப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.

இரண்டு பெயர்கள் ஒன்றா வேறா என்பதற்கு இயற்கையில் விடை இல்லை. மனிதர் கூடி ஒப்புக்கொண்ட விடைதான் உண்டு. ஒப்புக்கொண்டது எது என்று தெரிந்திருந்தால் எந்த விதியோடும் வாழலாம். தெரியாமல் ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் இடத்தில்தான் இழப்பு நேர்கிறது.

என் நண்பர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. பாட்டியின் பாட்டில் தமக்கு நினைவிருந்த அடிகளைத் தம் தாயாரைப் பாடச் செய்து மறுபடியும் பதிவு செய்தார். அந்தக் கோப்புக்கு என்ன பெயர் இடலாம் என்று என்னைக் கேட்டார். பாட்டியின் பெயரையும் பதிவு செய்த ஆண்டையும் சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தாக, நானே தட்டிக் கொடுத்தேன்.